அட்டை உப்பும் துரைசாணியின் தங்கமீனும்

இன்று காலை தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

துரையின் மனைவி துரைசாணி வளர்க்கும் தங்கமீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. "பேசின் தண்ணியில உப்புப் போட்டு, கொஞ்ச நேரம் மீனை விடு" என்று சொல்லிவிட்டு நுவரெலியாவுக்குக் காரில் போய்விட்டார்.

சமையல்காரர் நாளைவரை லீவு. குசினி பூட்டியிருந்தது; உப்பு அதற்குள்ளே.

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த காமாட்சியிடம், "உப்பு இருக்கா?" என்று கேட்டேன். இடுப்பிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

மீனை விட்ட பிறகுதான் தண்ணீர் பழுப்பாக இருப்பதைக் கவனித்தேன்.

"இதுல என்ன கலந்திருக்க?"

"பொகையிலத் தூளுண்ணே. அப்பத்தானே ரத்தம் குடிக்கிற அட்டை உதிரும்? உங்க காலுக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

மீன் மல்லாந்துவிட்டது.

மீனை அள்ளி, பீப்பாயில் இருந்த மழைத்தண்ணீரில் போட்டேன். முருகா முருகா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் செவுள் அசைந்தது. மத்தியானம் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன்.

சாயங்காலம் துரைசாணி வந்து பார்த்தார்.

"மீன் நல்லா ஓடுது. நாளைக்கும் அதே உப்புப் போடு."

வெறும் உப்பு ஒரு பிடி வைத்திருப்பவர்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள்.