நுரைத்துப் போன கறை

மைசூர் அக்ரஹாரத்தில் இருக்கும் மாமாவின் லாண்டரியில் எனக்குக் கறை எடுக்கிற வேலை. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், வாத்தியார்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகு உருப்படியாகக் கற்றுக்கொண்டது, துணியில் ஒட்டியது எது எதனால் போகும் என்பதை மட்டும்தான். ரத்தம் பெராக்சைடால் போகும்.

பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். கிட்டத்தட்டத் தண்ணீர்தான், ஆக்சிஜன் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டு பலமில்லாதது. வெயில் பட்டால் கழலும், சூடு பட்டால் கழலும், துரு பட்டால் கழலும். கழன்று போகிறது சும்மாவும் போகாது, பக்கத்தில் இருப்பதை உடைத்துவிட்டுத்தான் போகும். அதனால் கேனை இருட்டு மூலையில் வைத்திருப்போம். கையுறை கிழிந்தது தெரியாமல் விரலில் பட்டுவிட்டால் தோல் சுண்ணாம்பாக வெளுத்து, ஊசி ஊசியாகக் குத்தும்.

ஒருமுறை யாருக்கும் தெரியாமல் என் முன்முடியில் தடவிக்கொண்டேன். பொன்னிறம் வரத்தான் வந்தது. பிறகு முடி வைக்கோலாக ஒடிந்து சீப்போடு வர ஆரம்பித்தது. “ஹீரோ ஆவுறேன்னு போயி தேங்கா நாரு ஆயிட்டியேடா” என்றாள் அம்மா.

இன்னொரு நாள், கறிக்கடையில் ஒரு துண்டு ஈரல் வாங்கி வந்து, பக்கத்து டீக்கடை மேசையில் வைத்து அதன்மேல் பெராக்சைடை ஊற்றினேன். புசுபுசுவென்று வெள்ளை நுரை பொங்கியது.

“அண்ணா, ஆடு இன்னும் சாகல பாருங்க. மூச்சு விடுது.”

“தூ! எடுத்துட்டுப் போடா சனியனே. யாவாரம் நடக்கிற எடம்” என்று டீக்கடை அண்ணன் கரண்டியோடு துரத்தினார்.

மூச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈரலிலும் ரத்தத்திலும் இருக்கிற ஏதோ ஒன்று, பெராக்சைடைத் தொட்டதும் அதைப் பிளந்துவிடும். கழன்ற ஆக்சிஜன்தான் நுரையாக வரும். ஆடு செத்துப்போனது அதற்குத் தெரியாது. காய்ந்துபோன ரத்தத்தில்கூட அது தன் வேலையைச் செய்யும்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அந்த அம்மா வந்தார். அனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இங்கே தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. நான் உள்ளே மேசையில் இருந்தேன். மாமா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாரிடமோ கன்னடத்தில் சண்டை போட்டபடியே பையை வாங்கினார்.

“துணியில சாயம் நிக்கறதுக்கு மருந்து வெச்சிருக்கீங்கன்னு தங்கச்சி சொல்லுச்சுங்க.”

“எல்லாம் இருக்கும்மா.”

“மண்ணு போவோணுங்க. நாத்தமும் போவோணுங்க. கரெ மட்டும் போவக்கூடாதுங்க.”

“கரையா? சும்மா பயப்படாதீங்கம்மா. கரை கல்லு மாதிரி நிக்கும். நாளைக்கு சாயங்காலம் வாங்க.”

மாமா பையை என் பக்கம் வீசினார். “லோ, கரை போகக்கூடாதாம். ஹுஷாரா பண்ணு.”

பைக்குள் இருந்தது ஆம்பளை கட்டுகிற பருத்தி வேட்டி. ஓரத்தில் அரக்கு நிறத்தில் அழகான கரை. ஒரே செம்மண். நடுவில், உட்கார்ந்தால் மடி வருகிற இடத்தில், தாம்பாளம் அகலத்துக்கு ரத்தம் காய்ந்து, பழுப்பேறி, அட்டையாக விறைத்திருந்தது.

“மாமா, கெடா வெட்டிட்டு இதுலதான் கை தொடச்சாங்க போல” என்றேன். மாமா சிரித்தார். அந்த அம்மா அதற்குள் படி இறங்கிவிட்டார் என்பது ஒன்றுதான் இன்றைக்கு எனக்கு ஆறுதல்.

கரையை அப்படிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு ஓரத்தையும் சுருட்டி, பிளாஸ்டிக் பையால் மூடி, நூலால் கட்டினேன். ஒரு சொட்டு மருந்து படவில்லை. நடுவில் பச்சைத் தண்ணீரில் மண்ணை அலசிவிட்டு, ரத்தத்தின் மேல் பெராக்சைடை விட்டேன். நுரைத்தது. முதலில் செம்பழுப்பாக, பிறகு வெள்ளையாக. நுரையை வழித்துப்போட்டுத் திரும்ப விட்டேன். திரும்ப நுரைத்தது. பழைய கறை, லேசில் விடவில்லை. மருந்தைக் கெட்டியாக்கி, கொஞ்சம் சூடும் காட்டி ஊறவைத்தேன். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் வெறி பிடித்த மாதிரிதான், முதலில் நிறத்தை உடைக்கும், நிறம் தீர்ந்ததும் நூலை உடைக்க ஆரம்பிக்கும். ஆனால் வெளியே தெரியாது. அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு மடித்தபோது வேட்டி புதுசாகவே இருந்தது.

மறுநாள் அவர் வந்ததும் மாமா கரை மேலே தெரிகிற மாதிரி வேட்டியை எடுத்து வைத்தார்.

“பாருங்கம்மா. நான் சொன்னேன்ல? கரை எப்படி நிக்குது பாருங்க.”

அவர் கரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். முழுக்கப் பிரித்துவிட்டு, புரட்டிப் போட்டு இன்னொரு முறை பார்த்தார்.

“எங்கீங்க?”

“எதும்மா?”

“கரெங்க. போவக்கூடாதுன்னு சொன்னேனுங்களே.”

“இதோ இருக்கேம்மா” என்று மாமா அரக்கு ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். நான் உள்ளிருந்து, ‘அத்தனை பெரிய கரை கண்ணுக்குத் தெரியவில்லையா’ என்று ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“அதில்லீங்க. எம்பையன் ரத்தமுங்க.”

அப்புறம் அவரே சொன்னார்.

அனூர் ரோட்டில் வண்டி சறுக்கிப் பையன் விழுந்திருக்கிறான். முதலில் ஓடிப்போனது அவன் அப்பாதான். மண்ணில் உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த அம்மா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரியில் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றித்தான் காட்டியிருக்கிறார்கள். “அவுரு ஆத்துல போட்றலாம்ங்கறாருங்க. வீட்டுல வெச்சா நாத்தமடிக்குது. நாந்தான், கரெ நின்னுட்டா வெச்சுக்கலாமேன்னு...”

கன்னடத்தில் எழுதப் படித்தவன் நான். அங்கே இருப்பது ஒரே ஒரு ‘ர’. தமிழில் ஓரத்துக்கு ஒன்று, அழுக்குக்கு ஒன்று என்று இரண்டு இருப்பது கேள்விப்பட்டதுதான். மாமாவின் வாயிலும், என் வாயிலும், அந்த அம்மாவின் வாயிலும் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசைப் பக்கம் எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்.

“தொவச்ச தண்ணிய எங்கீங்க தம்பி ஊத்துனீங்க?”

பின்பக்கம் கூட்டிப்போய்ச் சாக்கடையைக் காட்டினேன். மேலே கல் மூடியிருந்தது. மழைத்தண்ணீர் அடியில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கல்லையே பார்த்தபடி நின்றார்.

“துணியில கொஞ்சமாச்சும் இருக்குங்களா? கண்ணுக்குத் தெரியாம?”

வருகிறவர்கள் எல்லோருக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். இருக்குதும்மா என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார், யார் சோதிக்கப் போகிறார்கள்? ஆனால் நுரை வந்தது எனக்குத் தெரியும். வந்து, அடங்கி, கடைசியாக மருந்து விட்டபோது நுரைக்கவே இல்லை. உடைப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

“இல்லம்மா” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே வந்து, மடி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தடவிய இடத்தில் துணி சத்தமே இல்லாமல் விட்டுப்போனது. நனைந்த காகிதம் போல, விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. விளிம்பில் தொட்டுப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் விட்டது. ரத்தம் இருந்த அளவுக்கு நூல் செத்திருந்தது. அதைத் தாண்டி விரல் பட்ட இடமெல்லாம் கெட்டியாக இருந்தது.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. “அய்யோ, என்னம்மா இது... குடுங்கம்மா. ரஃபு பண்றவரு நமக்குத் தெரிஞ்சவருதான். அதே நூல்ல தைச்சுக் குடுப்பாரு, எங்க போச்சுன்னே தெரியாது.”

கையை நீட்டி வேட்டியைப் பிடித்தார். அந்த அம்மா விடாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வேண்டாங்க. இதயும் எடுத்துப் போடாதீங்க.”

ஓட்டை கசங்காமல் உள்ளே வருகிற மாதிரி மடித்து, பையில் வைத்து, மழையில் படி இறங்கிப் போனார்.