மூன்றாம் ஓலை

மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்தில் எதற்கும் வருடக் கணக்கு அதுதான். ரயிலுக்கு முன்னால் பிறந்தவன், ரயிலுக்குப் பின்னால் கட்டிய வீடு என்றுதான் சொல்லுவார்கள். அந்தக் கணக்கில் எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ.

எங்கள் திருச்சபை வாலிபர் சங்கத்தின் பழைய கதைகளைத் தொகுக்கிறோம் என்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். இப்போது அகில இந்திய மாநாடு என்றால் குறும்படப் போட்டி, வினாடி வினா, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் என்று அமர்க்களப்படுகிறதாம். அன்றைக்கு இருந்தது பாட்டு, பேச்சு, வசனம், அவ்வளவுதான். வசனம் என்றால் வேதத்தில் ஓர் அதிகாரத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அரியலூரில் ஜெயித்தால் திருச்சி, திருச்சியில் ஜெயித்தால் மாநாடு. மாநாடு ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் ஊரில் நடக்கும்.

அப்பா தவறிப்போனதால் நானும் அம்மாவும் விக்கிரமங்கலம் பக்கத்தில் தாத்தா வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு ஒரு தங்கை, என் சித்தி. கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டே வசனம் சொல்லுவாள். வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டு நான் கேட்பேன். களைக்கொட்டு மண்ணில் விழும் சத்தத்துக்கும் வசனத்துக்கும் ஒரு தாளம் இருக்கும். கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த அதிகாரத்தைச் சொன்னால் எனக்குக் கடலைச்செடி வாசம்தான் வரும். அது கிடக்கட்டும்.

சித்தி அரியலூரில் ஜெயித்தாள், திருச்சியிலும் ஜெயித்தாள். மாநாட்டுக்குப் போக வேண்டும் என்றதும் தாத்தா உடனே சம்மதித்தார். "நாகூர்தானே, தஞ்சாவூர் தாண்டினா வந்துருது. போயிட்டு வரட்டும்" என்றார். ஊரெல்லாம் நாகூர் என்றே சொல்லித் திரிந்தார். அம்மாவுக்குத்தான் சந்தேகம்.

"ஏன்டி, நாகூருல தர்காதானே இருக்கு? அங்க நம்ம சங்கத்துக்கு என்ன வேல?"

"நாகூர் இல்லக்கா, நாக்பூர். வடக்க இருக்கு. மெட்ராஸ் போயி வேற ரயிலு மாறணும்."

தாத்தா கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். ஆற்றிலிருந்து ஆட்களைத் தூக்கக் கூடப் போனவர் அவர். அதற்குப் பிறகு ரயில் சத்தம் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடுவார். அந்த வாரமே செந்துறையிலிருந்து வந்திருந்த வரனுக்குச் சரி என்று சொல்லி அனுப்பினார். லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்களில் ஈஸ்டர் முடியும்வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். மாநாடும் லெந்துக்கு முன்னால்தான். கழுத்தில் தாலி ஏறிவிட்டால் பெண்கள் வாலிபர் சங்கத்தில் சேர்த்தி இல்லை, மாதர் சங்கத்துக்குப் போய்விட வேண்டும். மாதர் சங்கத்தில் போட்டி கிடையாது, முறுக்குச் சுடுவது உண்டு.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ஐயர்தான் வாசிப்பார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்லுவோம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒருத்தர் இருமினால்கூட எல்லோரும் அவரை முறைப்பார்கள். இரண்டு ஓலை முடிந்தது.

மூன்றாம் ஓலைக்கு முதல்நாள் காட்டில் சித்தியிடம் கேட்டேன். "சித்தி, தடைன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாமா?"

"சபையில இருக்குற யாரும் சொல்லலாம்."

"சின்னப் பசங்க?"

"பசங்களுந்தானே சபையில இருக்காங்க."

"போட்டி இருந்தா அது தடையா?"

சித்தி குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கினாள். "எனக்கென்னடா தெரியும். ஐயரத்தான் கேக்கணும்."

மறுநாள் காலையில் என் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்தாள். கிறிஸ்மஸ் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டாள். கோயிலில் பின்னால் உட்காருகிற என்னை முன்வரிசை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். அவ்வளவு பாசம் எனக்குப் புதிதாக இருந்தது.

ஐயர் கேட்டு நிறுத்தினார். நான் எழுந்தேன்.

"தடை இருக்குங்க ஐயரே. சித்தி போட்டிக்குப் போவணும்."

கோயிலே திரும்பியது. தாத்தா எழுந்து உட்கார்ந்து மறுபடி எழுந்தார். செந்துறையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, "இது என்ன புள்ள வெளயாட்டுங்க?" என்று சத்தம் போட்டார். ஐயர் சிரிக்கவில்லை. தடை என்று ஒரு வார்த்தை சபையில் வந்துவிட்டால் விசாரிக்காமல் தாலி கட்டிவைக்க முறையில்லை என்றார். எப்போது விசாரிப்பீர்கள் என்று கேட்டார்கள். "நான் புள்ளைங்கள மாநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வந்துதான் பாக்கணும்" என்றார். தாத்தாவிடம் மட்டும் திரும்பி, "கல்யாணம் நடக்குறவரைக்கும் அவ வாலிபர் சங்கந்தானே? பேரு குடுத்தாச்சு, எங்கூட வரட்டும்" என்றார். ஐயரை எதிர்த்துப் பேசி தாத்தாவுக்குப் பழக்கமில்லை.

அரியலூர் ரயிலடிக்குத் தாத்தாவும் வந்தார். சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்போல இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரயில் போனபின்னும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி இரண்டாம் பரிசோடு வந்தாள். கப் கொடுத்தார்கள் என்றதும் அம்மா, "டீ குடிக்கிற கப்பாடி?" என்று கேட்டாள். அதற்குள் லெந்து தொடங்கிவிட்டது. ஈஸ்டர் முடிந்து அதே மாப்பிள்ளையோடுதான் கல்யாணம் நடந்தது. அவர், என் சித்தப்பா, சாகும்வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாடா தடை" என்றுதான் கூப்பிடுவார். சித்தி குனிந்துகொண்டு சோறு போடுவாள்.

அன்றைக்கு நான் எழுந்து நின்றபோது கோயிலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. முக்காட்டைக்கூட அசைக்காமல் சித்தி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது, தப்புச் செய்துவிட்டேன் என்று நான் வெகுநாள் வருந்தினேன். எதிர்பார்த்த சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பேத்தி இந்த வருடம் வசனப் போட்டிக்குப் போகிறாளாம், இந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். தம்பிகளா, செந்துறையில் அவளைப் பார்த்தால் இதைச் சொல்லிவிடுங்கள். உன் ஆயா அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை என்று தடைத் தாத்தா சொன்னார் என்று சொன்னால் போதும்.