பதினெட்டும் சரியாக இருந்த டிரே

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, அடுக்கி, கிருமி நீக்கத்துக்கு அனுப்பும் அறை இருக்கிறது. அதன் பொறுப்பாளருக்கு ‘மெஷின் அக்கா’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரை ஆபீஸ்காரர்களே மறந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு டிரேயை மூன்றே நிமிஷத்தில் அடுக்குகிற கை. பதினெட்டு கருவி என்றால் எண்ணி, மூடி, கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளிடம்தான், மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் திட்டத்தில், முப்பத்தாறு வயது மனிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வார். பத்தைத் தாண்டினால் எண்ணத் தெரியாது. ஏழு இடத்தில் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவருடைய தங்கை முதல் நாளே வந்து, ஒவ்வொரு டிரேயையும் படம் எடுத்து, அதே அளவில் அச்சடித்து மேசைமேல் ஒட்டிவிட்டுப் போனாள். ஒவ்வொரு கருவியையும் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால்தான் அது டிரேக்குப் போகும். மூன்று நிமிஷ வேலைக்குப் பதினைந்து நிமிஷம் ஆனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இரண்டு வாரச் சோதனையின் கடைசி நாள். ‘வேலைக்கு ஏற்றவரா?’ என்ற படிவத்தில் ‘இல்லை’ என்று எழுத மெஷின் அக்கா பேனாவைத் திறந்தே விட்டாள். மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒரு தரம் செய்து காட்டலாம் என்று எழுந்து வந்தாள்.

“இங்க பாருங்க தம்பி, இப்படி விறுவிறுன்னு போகணும்.”

அடுக்கினாள், எண்ணினாள், மூடியை எடுத்தாள். அவர் டிரேமேல் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

“இது வேற, அக்கா.”

“என்ன வேற? பதினெட்டு இருக்கு!”

“வேற.”

“கையை எடுங்க. மேல ஆபரேஷனுக்குக் காத்துட்டிருக்காங்க!”

அவர் கை அசையவில்லை. அட மனுஷா, வேலை போகப்போகிற நாளிலா இந்தப் பிடிவாதம்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். பதினெட்டேதான். அவர் ஒரு கத்தரியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். படத்தில் இருந்தது நுனி வளைந்த கத்தரி. அவள் அடுக்கியது நேர்க்கத்தரி.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. எண்ணிக்கை சரியாக வந்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டது. இப்படி எத்தனை டிரேயை மூடி அனுப்பினாளோ, கடவுளே! அப்புறம்தான் டிரேயைத் தடுத்த அவர் கையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் மூடப்போகும் டிரேயைத் தடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வந்ததில்லை. எப்பேர்ப்பட்ட மனிதர் இவர் என்று மலைத்துப்போய் நின்றாள்.

சாயங்காலம் அண்ணனை அழைத்துப்போக வந்த தங்கை, கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். அண்ணன் எதிரே மெஷின் அக்கா கைகட்டி நின்றிருந்தாள். அண்ணனுக்கு வேலை போய்விட்டது என்றே தங்கை நினைத்தாள். உள்ளே ஓடினாள்.

“மேடம், அண்ணன் ஏதாவது தப்புப் பண்ணிட்டாரா?”

“தப்புப் பண்ணது நான்மா. உங்க அண்ணன் பாத்துச் சொல்லாம இனி இங்க ஒரு டிரேயும் மூடறதில்லை. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லு. இனிமே எல்லா நாளும்தான்.”

தங்கை அழ ஆரம்பித்தாள். அண்ணன் அடுத்த டிரேயின் படத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

“சத்தம் போடாதீங்க. பாத்துட்டிருக்கேன்ல?”

மெஷின் அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.