நீர்க்கடுப்பு

கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்த இரண்டாவது மாதமே எனக்கு நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக, நெருப்பாய் எரிந்துகொண்டு போகும். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் உடனே மறுபடியும் முட்டும். மாமியார் உடம்புச் சூடு என்றார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்; பார்லி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அடங்கியது. அடுத்த மாதம் திரும்ப வந்தது.

அப்போது நான் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பிரெஞ்சுக்காரர்கள் போய் ஊரில் எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. பள்ளியின் ஒரே ஒரு கக்கூஸ் மட்டும் மாறவில்லை. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் அதுதான். அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, அடிவயிறு வலிக்க வலிக்க வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த நாட்கள் அநேகம்.

கம்பவுண்டரிடம் மிக்சர் வாங்கிக் குடித்தேன். சல்ஃபா மாத்திரை தின்றேன். போகும், வரும். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தேன். காய்ச்சல் இல்லை, இளைக்கவில்லை. அதனால் யாரும் இதை ஒரு நோயாக நினைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் எனக்கே அதைப் பற்றிப் பேச அலுத்துவிட்டது.

ஒருநாள் ரத்தம் கலந்து போனது. கணவர் பயந்துபோய் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு லேடி டாக்டர். பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் அவரை மதாம் என்பார்கள். சிறுநீரைச் சோதித்துவிட்டு வந்து, கணவர் வெளியே இருக்கும்போது கேட்டார்.

"எப்பப்ப வருது?"

"மாசத்துக்கு ஒருதரமாவது வந்துடுதுங்க மதாம்."

"அது இல்லம்மா. புருஷனோட இருந்த மறுநாள் வருதா?"

நான் தரையைப் பார்த்தேன். யோசித்தால் பெரும்பாலும் அப்படித்தான்.

"இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. பொம்பளைக்கு அந்த வழி குட்டை. கிருமி சீக்கிரம் ஏறிடும். முடிஞ்சதும் எழுந்து ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடு. பகல்ல அடக்காத. தண்ணி நிறைய குடி."

"எழுந்து போவ முடியாதுங்க" என்றேன். எங்கள் அறையிலிருந்து தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் மாமனார், மாமியார் படுத்திருக்கும் கூடத்தைத் தாண்ட வேண்டும். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மாமியார் "யாரது?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து விடியும்வரை படுத்தே கிடப்பேன்.

மதாம் சிரிக்கவில்லை. கணவரை உள்ளே கூப்பிட்டு, எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே அவரிடமும் சொன்னார். அவர் காது சிவந்துவிட்டது. "சரிங்க மதாம்" என்றார், அவ்வளவுதான். வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்து எங்கள் அறையின் பின்சுவரை இடித்தார்.

"இன்னாடா, நல்லா இருக்கற செவத்தப் போயி இடிக்கிற?" என்று மாமியார் தன் மகனைக் கேட்டார்.

"ரூம்புல காத்தே இல்லம்மா. தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு வெக்கிறேன்."

"காத்துக்கு ஜன்னல் வெச்சா பத்தாதா?"

கணவர் குனிந்து உடைந்த செங்கல்லைப் பொறுக்க ஆரம்பித்தார். மாமியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொத்தனாருக்கு மோர் எடுத்துவர உள்ளே போனார்.

மதாம் கொடுத்த மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டேன். பள்ளிக்கு ஒரு கூஜாவில் தண்ணீர் கொண்டுபோனேன். கடுப்பு குறைந்தது. அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் வரும். பரீட்சை வேலையில் அடக்கிவிட்டால் வரும். வந்தால் மதாமிடம் போவேன், சரியாகும்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமியார் முறத்தில் அரிசியைப் புடைத்தபடி, தலை நிமிராமல் சொன்னார்:

"எனக்கும் இந்த எரிச்சல் ரொம்ப வருசமா இருக்குது. யார்கிட்ட போயி சொல்றது?"

முறத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

"பொடவைய மாத்திக்கினு வாங்க அத்தை" என்றேன்.

அன்று மதாமின் அறை வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் அதிகம். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.