பஞ்சு மாஸ்டர் அடைத்த அறை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வேலை இடத்தில் ‘பஞ்சு மாஸ்டர்’ என்றால்தான் தெரியும். மெத்தை தைப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெனரேட்டர் அறை, ஒலிப்பதிவுக்கூடம், கூட்ட அரங்கு என்று எங்கே சத்தம் தொல்லை கொடுக்கிறதோ அங்கே சுவரிலும் கூரையிலும் பஞ்சுப் பலகை மாட்டி அதை அடக்குவது அவர் தொழில். மரச்சட்டத்துக்குள் கண்ணாடிப் பஞ்சை அமுக்காமல் பரப்பி, மேலே துணியை இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டுவார். பிறகு அறை நடுவில் நின்று ஒரு தட்டு, கையால். தட்டிய சத்தம் அங்கேயே விழுந்தால் வேலை முடிந்தது. இழுத்துக்கொண்டே போனால் இன்னும் ஒரு பலகை.

ஊர்ச் சத்தத்தை அடக்கிய மனுஷன் தன் காதைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. ஓடுகிற ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று தகடு அடித்தே இளமை போனது. காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொன்னால், “அதப் போட்டா சத்தம் எங்கேருந்து கசியுதுன்னு எப்படித் தெரியும்?” என்பார். வியாக்கியானத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் மெல்லிய சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. காது மெஷின் வாங்கினார். அது மின்விசிறியையும் பாத்திரங்களையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காதில் கொட்டியது. கழற்றி அலமாரியில் போட்டார்.

மனைவிக்கு அதனால் பெரிய கஷ்டம் இல்லை. அவள் குரல் தெருமுனை வரை எட்டுகிற ரகம். பஞ்சுத் தூள் ஒட்டிய அவர் வேலைச் சட்டையைத் தனி வாளியில் ஊறப்போட்டு, அரிக்கிற கையைச் சொறிந்துகொண்டே, “ஊர்ச் சத்தத்தையெல்லாம் அடக்குறீங்களே, என் வாய அடக்குங்க பாப்போம்” என்று சவால் விடுவாள். அவரால் முடியவில்லை. தொண்டையில் வந்த கட்டியால் முடிந்தது. அறுத்து எடுத்த பிறகு அந்தக் குரலில் மிஞ்சியது வெறும் காற்றுதான். கட்டி மறுபடி வந்தபோது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வீடு, பேருந்துகள் திரும்புகிற முனையில் முதல் மாடி. வெறும் சுவர், வழுவழுப்பான தரை. அவள் முணுமுணுப்பது சுவரில் மோதிக் குழம்பி, பேருந்து உறுமலில் கரைந்து, அவரிடம் வந்து சேரும்போது ஒன்றும் இருக்காது. மகள்தான் நடுவில். “அம்மா தண்ணி கேக்கறாங்கப்பா.” “கால அமுக்கி விடணுமாம்.” எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அவள் முறைத்துவிட்டு மகள் காதில் ஏதோ சொன்னாள். “கட்டின புருஷனுக்கு மனு எழுதிப் போடணுமான்னு கேக்கறாங்கப்பா” என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். உள்ளே வெந்தது. இத்தனை காலம் குடும்பம் நடத்தியவளோடு கடைசியில் ஆள் வைத்தா பேசுவது? மகளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாதது ஒரு மனைவிக்கு எவ்வளவோ இருக்கும்.

வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் சட்டம் அறுக்க ஆரம்பித்தார். கண்ணாடிப் பஞ்சு நோயாளி அறைக்கு ஆகாதென்று பாலியெஸ்டர் பஞ்சு வாங்கினார். அவள் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, அந்த அறையில் சுவர், கூரை, ஒன்றையும் விடவில்லை. ஜன்னலுக்கு விளிம்பில் ரப்பர் வைத்த கனமான பலகை. கதவடியில் ரப்பர் பட்டை. காற்று வர, உள்ளே பஞ்சு ஒட்டிய வளைந்த பெட்டி ஒன்று. இத்தனை அக்கறையாக அவர் எந்த முதலாளிக்கும் செய்ததில்லை.

கட்டிலை உள்ளே கொண்டுவந்து, கதவைச் சாத்தி, அலமாரியில் கிடந்த காது மெஷினை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஒரு கை தட்டினார். சத்தம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் உதடு அசைந்தது.

“சட்டையில பொத்தான் போயிருக்கு பாருங்க.”

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“அட, ஒரு பொத்தானுக்கா அழறீங்க?” என்றாள். அதுவும் கேட்டது.

அதன்பின் சில நாள் அந்த வீட்டுக்குச் சந்தோஷம் திரும்பி வந்தது. மகளைப் பற்றிப் பேசினார்கள். அவருடைய அக்கா எப்போதோ சொன்ன ஒரு சொல்லைக் கிளறிச் சண்டைகூடப் போட்டார்கள். மகள் கதவைத் திறந்தால் இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி.

ஒருநாள் கஞ்சியோடு உள்ளே போனவரிடம் அவள் ஜன்னலைக் காட்டினாள். “அதத் திறந்துடுங்க.”

“ஏம்மா? அப்புறம் உன் பேச்சு எனக்குக் கேக்காதே.”

“எனக்கு என் மூச்சு மட்டும்தான் கேக்குது. அடுத்தது வருமா, வருமான்னு நானே காவல் காத்துக்கிட்டுக் கெடக்கறேன். பயமா இருக்குங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் பயம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. கஞ்சியை வைத்துவிட்டு, நாலு நாள் பொறுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். திருப்புளியை எடுத்து வந்து பலகையைக் கழற்றினார். பேருந்துகள் திமுதிமுவென்று உள்ளே வந்தன. அவள் கண்ணை மூடி, உடம்பு தளர்ந்து, பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். பஞ்சு சுவரில்தான் இருந்தது. ஆனால் திறந்த ஜன்னல் வழியாக வந்து காதை நிறைக்கிற சத்தத்தை அது என்ன செய்யும்? திரும்பவும் மகள் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு ஒருநாள், மகள் சமையலறையில் இருந்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு பேருந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்து, ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சின்னப் பேச்சு இல்லை, நிறுத்தி நிறுத்தி நீளமாகச் சொன்னாள். அவர் குனிந்து காதை அவள் வாயருகே வைத்தார். காற்றுதான் பட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தலாம், போய் மகளைக் கூப்பிடலாம். இரண்டுக்கும் அந்தப் பிடி விடவில்லை. அவள் நிறுத்திவிட்டு, பதிலை எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சரிம்மா. சரி” என்றார்.

அவள் திருப்தியாகத் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “கடைசியா உங்ககிட்ட அவ்வளவு நேரம் பேசினாங்களே, சமையலறையிலேருந்து பாத்தேன். என்னப்பா சொன்னாங்க?”

“என்னவோ கேட்டா. சரின்னு சொல்லிட்டேன்.”

“என்ன கேட்டாங்க?”

“தெரியலையேம்மா” என்றார். “என்னவோ செஞ்சு குடுக்கச் சொன்ன மாதிரி இருந்துச்சு. என்னன்னு தெரியலையே.”