தாங்கி கிடந்த குழி

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபமில்லை. என் கணவரே இன்றுவரை நம்பவில்லை. ஆனால் இது நடந்தது. போன டிசம்பரில், டென்மார்க்கில், பிராண்டே என்கிற சின்ன ஊரில், எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்தது.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேயென்றால் பயமில்லை. புருசன் விசயத்தில்தான் எரிச்சல் பிடித்தவள். காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற ஒருத்தியோடு என் புருசன் தவராஜா சிரித்துக் கதைத்தால், இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளின் வாயால்தான் இதைக் கேட்கிறீர்கள்.

வீடு பழையது. வாங்கி ஆறு மாதம். எண்ணெய் எரித்துச் சூடாக்குகிற வீடு. அந்த எண்ணெய்க்கான பெரிய இரும்புத் தாங்கி பின்வளவில் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. நாங்கள் மின்சாரத்தில் சூடாக்குகிற ஹீட் பம்ப் பூட்டினோம். இனித் தாங்கியைக் கிளப்பி எடுக்கவேண்டும் என்றது கொம்மூன், இந்த ஊர் நகரசபை. தூக்குவதற்குக் கொம்பனி வரும், மேல்மண்ணைத் தானே வெட்டுவதாக இவர் சொன்னார். வேலை முடிந்து வந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டினார்.

செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலு பத்து. டிசம்பரில் அந்த நேரமே இங்கே இருட்டிவிடும். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு யன்னலால் பார்த்தேன். இவர் குனிந்து மண்ணை வெட்டுகிறார். பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். தலையில் நீலத் துணி கட்டியிருக்கிறாள். இவருடைய காதோடு வாய் வைத்து ஏதோ சொல்கிறாள்...

கத்தியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். இவர் மட்டும்தான் நின்றார்.

"ஆரப்பா அவள்?"

"எவள்?"

"உங்களோட நிண்டவள். நீலத் துணி கட்டினவள்."

"உமக்கு விசரே? ஒருத்தரும் வரேல்லை."

அன்றிரவு மீன்குழம்பைச் சட்டியோடு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனேன். அவர் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். ஓம், பார்த்தேன். தமையனின் படங்களும் வேலையிடத்துச் செய்திகளும்தான் இருந்தன. சட்டையை மணந்தேன். எண்ணெய் மணம். அதற்குள் மெல்லிதாக வேறொரு மணம்... சவர்க்காரம். நாங்கள் பாவிக்கிற சவர்க்காரம் அப்படி மணக்காது.

அடுத்த நாளும் வந்தாள். அதே நேரம். இம்முறை அவளுடைய கை இவருடைய முதுகில் இருந்தது. உரிமைக்காரி மாதிரி வைத்திருந்தாள். ஓடிப்போனேன். யாருமில்லை. டோர்ச் அடித்து ஈரமண்ணைப் பார்த்தேன். இவருடைய பூட்ஸ் தடங்கள் மட்டும்தான் இருந்தன.

அப்போதாவது எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. எவ்வளவு கெட்டிக்காரி, தடமும் வைக்காமல் போகிறாளே என்றுதான் நினைத்தேன்.

வியாழன். இவர் உள்ளே வந்து கை கழுவுகிறார். தண்ணீர் ஓடுகிறது. வெளியே...

டங்.

மண்வெட்டி இரும்பில் படும் சத்தம்.

டங். டங்.

"கேக்குதா?"

"என்ன கேக்குது?"

மண்வெட்டி கதவடியில் சாத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை கிரேன் லொறி வந்தது. மிச்ச எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தாங்கியைக் கிளப்பிக் கொண்டுபோனார்கள். ஆளுயரக் குழி. அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. திங்கட்கிழமை மணல் கொண்டுவந்து மூடுவோம் என்று சொல்லி, சுற்றிவரச் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள்.

நாலு மணியானது. நான் யன்னலடியிலேயே நின்றேன். இவர் குழியின் விளிம்பில் நின்று உள்ளே லைட் அடித்துப் பார்க்கிறார். அவள் வந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. வந்து, தலையை என் புருசனுடைய தோளில் சாய்த்தாள்.

பதினெட்டு வருசமாக நான் சாய்கிற தோள். இன்றைக்கு அவளா நானா என்று பார்த்துவிடுவோம் என்று, செருப்பும் போடாமல் ஓடினேன். நாடாவையும் தாண்டினேன்.

"விடடி அவரை."

இவர் திரும்பிப் பார்த்தார். தனியாகத்தான் நின்றார்.

"மலர்? என்ன..."

என் பின்னால் மூச்சு.

சவர்க்கார மணம்.

டேனிஷில், காதுக்குள், மெதுவாக... "நீதானா அது?"

இரண்டு கைகள். என் முதுகில்.

தள்ளின.

விழுந்தேன். முழங்கால்வரை சேறு. மேலே பார்த்தேன். விளிம்பில் நீலத் துணி. குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க நான் முகம் கழுவும்போது கண்ணாடியில் கண்ட பார்வை.

பிறகு இவருடைய லைட் வந்தது. ஏணி வந்தது.

"வழுக்கிப் போட்டீர்."

"தள்ளினவள். எனக்குப் பின்னாலை நிண்டு தள்ளினவள்."

"பின்னாலை ஒருத்தரும் இல்லை. நான் உம்மைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனான்." என்னைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "பேயைப் பாத்தும் பொறாமைப்படுற பொம்பிளை உலகத்திலை நீர் ஒராள்தான்."

குழியை மூடினார்கள். அதன்பிறகு அவள் வரவில்லை. எனக்கும் மெல்ல மெல்லச் சோறு இறங்கியது.

தை மாதம் பக்கத்து வீட்டு ஆகே கோப்பி குடிக்க வந்தார். எண்பது தாண்டியவர், பிறந்ததிலிருந்து அதே தெருவில் இருப்பவர். முந்தி இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று சும்மா கேட்டேன்.

கிர்ஸ்டன் என்றார். எந்நேரமும் தலையில் நீலத் துணி கட்டியிருப்பவள், புருசனைச் சந்தேகப்பட்டே வாழ்ந்து முடித்தவள். அந்தத் தாங்கியைப் புதைக்கக் குழி வெட்டிய நாட்களில், புருசனோடு பின்வளவில் ஒருத்தி நிற்கிறாள் என்று தினமும் அழுதிருக்கிறாள். ஒருநாள் பின்னேரம் ஓடிவந்து ஆகேயின் கதவைத் தட்டி, அவளைக் குழிக்குள் தள்ளிவிட்டேன் என்றாளாம். எல்லோரும் லைட்டோடு ஓடினார்கள். குழிக்குள் யாருமில்லை. அப்படி ஒருத்தியே இல்லை என்று புருசன் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. முந்தின வருசம் முதியோர் இல்லத்தில் கண்மூடும்வரை நம்பவில்லை.

"அந்தப் பெண் எப்படி இருந்தாளாம்?"

ஆகே கோப்பையை வைத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மண்ணிறத் தோல். நீளமான கறுப்புப் பின்னல். மூக்கில் ஒரு சின்னக் கல். வெறுங்காலோடு கத்திக்கொண்டு ஓடிவந்தாளாம். அந்தக் காலத்தில் பிராண்டேயில் அப்படி ஒருவரும் இல்லை. அதனால்தான் கிர்ஸ்டன் சொன்னதை நாங்கள் யாரும் கணக்கெடுக்கவில்லை."

என் கை தன்பாட்டில் மூக்குத்திக்குப் போனது.

"அது எந்த வருசம்?"

"எழுபத்தாறு."

நான் பிறந்தது எண்பதில். சாவகச்சேரியில்.