ஆமை வீடு கழுவும் சிவப்பு வாளி

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள், ஓர் ஆமை. பிள்ளைகளின் பொருள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. ஆமைக்கென்று வாங்கிய சிவப்பு வாளி மட்டும் குளியலறையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதில் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சியைக்கூடக் கழுவ நான் யாரையும் விட்டதில்லை.

அது சண்டைக் காலம். பொரளையில் ஆஸ்பத்திரி வார்டு கழுவிய வேலை போன பிறகு, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தையில் ஒரு டீச்சர் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். டீச்சர் யாழ்ப்பாணத்து மனிசி. ஒரே மகன். யாராவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அவனை லண்டனுக்கு அனுப்பிவிட்டார். கண்ணாடித் தொட்டியில் அவன் வளர்த்த மூன்று ஆமைக் குஞ்சுகள் இங்கே நின்றுவிட்டன. டெலிபோனில் அம்மா சுகமா என்று கேட்பதற்கு முன்னால் ஆமை சுகமா என்றுதான் கேட்பான்.

டீச்சருக்குச் சுத்தம் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை விரதச் சமையலுக்கு முன் வீடு முழுக்கப் பினைல் போட்டுக் கழுவவேண்டும். அந்த வரிசையில் ஆமைத் தொட்டியும் வந்துவிடும். ஒருதரம் அலசிவிட்டு ஆமைகளை உள்ளே விடுவார். சனிக்கிழமை அவை கண் திறக்காது. ஒன்று செத்தது. அழுக்குத்தான் காரணம் என்று அடுத்த வெள்ளி இன்னும் கூட ஊற்றினார். இரண்டாவதும் செத்தது. மகனிடம் மூன்றும் சுகம் என்று பொய் சொல்லிவிட்டு, டெலிபோனை வைத்த கையை எடுக்காமல் நின்றார். மூன்றாவதும் கண் திறக்காமல் கிடந்தபோதுதான் நான் வாய் திறந்தேன். பினைல்தான் கொல்லுது என்றேன்.

"போத்தலில என்ன எழுதியிருக்கெண்டு உனக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"வாசிக்கத் தெரியாதுங்க டீச்சர். மோந்து பாக்கத் தெரியும்."

டீச்சர் பினைல் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த நாள் புதுச் சிவப்பு வாளியும் ஒரு போத்தல் பிளீச்சும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் எல்லாரையும் இறக்கிப் பையைக் கிளறிய ஆமிக்காரன் போத்தலைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினான். உள்ளதைத்தான் சொன்னேன், "இப்பாகே கே ஹோதன்ன, மாத்தயா." ஆமையின் வீடு கழுவ. மூடியைத் திறந்து மோந்தவன் மூன்று தும்மல் தும்மினான். மற்ற ஆமிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் என்னை விட்டுவிட்டார்கள்.

வார்டில் செய்ததைத்தான் செய்தேன். ஆமையை வேறு ஒரு பேசின் தண்ணியில் விட்டேன். சமைக்கிற குசினிப் பக்கமே போகாமல், முதலில் சோப்புப் போட்டு வழுவழுப்பெல்லாம் போகத் தேய்த்தேன். அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. பிறகு முப்பது கோப்பைத் தண்ணிக்கு ஒரு கோப்பை பிளீச். பினைலோடு அதைச் சேர்க்கவே கூடாது, நெஞ்சை அடைக்கும். கால் மணித்தியாலம் ஊறவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, தொட்டிக்குள் தலையை விட்டாலும் வாசம் வராத வரைக்கும் அலசினேன். பல்கனி வெயிலில் காயவைத்து, முதல் நாளே பிடித்து வைத்த தண்ணியை ஊற்றினேன்.

இரண்டு கிழமை இப்படியே. ஒரு காலை ஆமை கண்ணைத் திறந்து, கழுத்தை நீட்டி, நான் போட்ட கீரையைக் கடித்தது.

அந்த ஞாயிறு மகன் லண்டனிலிருந்து டெலிபோன் எடுத்தபோது டீச்சர் என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். "ரெண்டைச் சாகடிச்சது நான், தம்பி. ஒண்டைக் காப்பாத்தினது இவ," என்றார். பிறகு ஒரு தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து, "நீர் சொல்லும், நான் எழுதுறன்," என்றார். முப்பது வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர், நான் சொல்லச் சொல்ல எழுதினார். நடுவில் நிறுத்தி, எத்தனை நிமிசம் என்றும் கேட்டார். அந்தத் தாள் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தது.

டீச்சரும் லண்டன் போகும்போது தொட்டி, வாளி, தாள் மூன்றும் என் வீட்டுக்கு வந்தன. ஆமை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. இன்று காலையும் பேத்தியும் நானுமாக அதன் வீட்டைக் கழுவினோம். தாளில் எழுத்து மங்கிவிட்டது. அதனால்தான் பேத்தியிடம் பழகிய எழுத்தைக் கூட்டி இதை நானே எழுதினேன்.

இந்தா பிள்ள, வாளி தொட்ட கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. வந்து இத எனக்கு வாசிச்சுக் காட்டு.